எட்டாம் வேற்றுமை

பாலக்கரைக் கோவிலில் போன மாதம் வித்துவான் அருள்நாதனுக்கு அடக்கப் பூசை நடந்தது. சாமியார் பிரசங்கத்தில், "நல்ல ஆசிரியர், நல்ல கிறிஸ்தவர், யாரோடும் சண்டை சச்சரவுக்குப் போகாதவர்" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அழவும்தான் செய்தேன்.

சாமியாரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் இந்தப் பங்குக்கு வந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. ஐம்பத்து மூன்றிலிருந்து அறுபத்தொன்று வரை எங்கள் சந்தில் நடந்ததெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுப் பவுனம்மாளோடு அருள்நாதன் போட்ட சண்டையை மொத்தச் சந்தும் வேடிக்கை பார்த்தது. நான் டிக்கெட் வாங்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள்.

ஒரே வரிசையில் மூன்று ஓட்டு வீடுகள். முதல் வீட்டில் நான். பெயர் டோரதி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், கல்யாணம் ஆகாதவள். நடு வீட்டில் அருள்நாதன். கடைசி வீட்டில் பவுனம்மாள். நடு வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் கொல்லையில் ஒரே கிணறு. வீட்டுச் சொந்தக்காரர் எந்தக் காலத்திலோ கிணற்றுக்குக் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி, பாதிக் கிணறு இந்தப் பக்கம், பாதிக் கிணறு அந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டார். சுவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அருள்நாதன் தமிழாசிரியர். மனைவி லூர்துராணி தலைப்பிரசவத்தில் குழந்தையோடு போய்விட்டாள். அதன் பிறகு அவருக்குத் தமிழ்தான் குடும்பம். காலை ஆறு மணிக்கு எழுந்து பூசைக்குப் போவார். சாயங்காலம் வந்ததும் தன் வேட்டியைத் தானே துவைத்துக் கஞ்சி போடுவார். ஏழு மணிக்கு நாற்காலியைக் கொல்லைப் பக்கம் போட்டுக்கொண்டு, மறுநாள் வகுப்பில் நடத்த வேண்டிய செய்யுளை முழுத் தொண்டையில் வாசிப்பார். ஒன்பதரை வரை ஓடும். அந்த மனிதரிடம் வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

தூய தமிழ் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். ஒருமுறை நானும் அவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டரிடம், "திருவரங்கத்துக்கு இரண்டு பயணச்சீட்டு" என்றார். கண்டக்டர், "அந்த ஊருக்கெல்லாம் இது போகாதுங்க, ஸ்ரீரங்கம்தான் போகும்" என்றான். இவர் இறங்கப் போய்விட்டார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தெருவிலிருந்து ஒரு நாய் வந்து அவர் வீட்டோடு ஒட்டிக்கொண்டபோது அதற்கு 'ஞமலி' என்று பெயர் வைத்தார். பழைய தமிழில் நாய்க்கு அதுதான் பெயராம். சந்தில் ஒருத்தருக்கும் அது வாயில் நுழையவில்லை, நாய்க்கும் அது தன் பெயர் என்று கடைசிவரை தெரிந்த மாதிரி இல்லை.

பவுனம்மாளுக்கு மருங்காபுரிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் செத்து, மழையும் பொய்த்த வருஷத்தில், இருந்த கொஞ்சம் மானாவாரி நிலத்தை மகன் நல்லதம்பியிடம் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பாள். வாளியைத் தடதடவென்று கிணற்றில் இறக்கிக் குளித்துவிட்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போவாள். வாழைத்தண்டு, வாழைப்பூ, சேனை என்று கூடையை நிரப்பிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய், சித்திர வீதிகளில் கூவி விற்பாள். அவள் ஒரு வீதியில் குரல் கொடுத்தால் அடுத்த வீதியில் கதவு திறக்கும் என்று அவளே பெருமையாகச் சொல்வாள். பத்து மணிக்கெல்லாம் கூடை காலியாகி வீடு திரும்பிவிடுவாள். மத்தியானம் கருவாடு வறுப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்குப் படுத்துவிடுவாள்.

இவர் வாசிக்க ஆரம்பிக்கிற நேரத்தில் அவள் படுப்பாள், இவர் நன்றாகத் தூங்குகிற நேரத்தில் அவள் வாளியை இறக்குவாள். சண்டை வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல் தடவை அவர் மரியாதையாகத்தான் போனார். "விடியக்காலையில வாளியைக் கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றார்.

"மெதுவா விட்டா தண்ணி தானா ஏறி வருமாங்க? தெனமும் ராத்திரி நீங்க ஒப்பாரி வைக்கிறீங்களே, நான் ஏதாச்சும் கேட்டனா? வீட்டுல என்ன துக்கமோன்னு நானே மனசு கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே ஒப்பாரி என்றுதான் நினைத்திருந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பொறுக்கவில்லை. முகம் சிவந்து திரும்பி வந்தவர், அன்றோடு அவள் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவளும் நிறுத்திவிட்டாள்.

அதனால் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜாடைப் பேச்சு ஆரம்பமானது. அவள் கோழியைத் திட்டுவாள், அவருக்குக் கேட்கும். அவர் நாயைக் கண்டிப்பார், அவளுக்குக் கேட்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வயசில் மூத்த பெண்பிள்ளையை 'வா, போ' என்று பேச அவருக்கு வாய் வராது. சொல்வது நாய்க்கு என்றாலும் சேர வேண்டியது அவளுக்கு ஆயிற்றே? அதனால் நாய்க்கு மரியாதை போட்டுத்தான் பேசுவார்.

"ஞமலி, அடுத்தவங்க தூங்கற நேரத்துல சத்தம் போடறது நாகரிகம் இல்லைங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்பார். நாய் வாலை ஆட்டும். நான் என் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

ஐம்பத்தேழில் ஒரு ஆட்டுக்குட்டி வந்து சேர்ந்தது. நல்லதம்பிக்குக் கல்யாணமாகி வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் ஊர்ச் சாமிக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, அந்தக் குட்டியைப் பவுனம்மாள் இங்கே கொண்டுவந்து வளர்த்தாள். அது வளர்ந்து சுவரைத் தாண்டுகிற அளவுக்கு ஆனதும் ஒருநாள் தாண்டியது. அருள்நாதன் கவனமாகத் திருத்தி, கட்டில் மேல் அடுக்கி வைத்திருந்த நான்காம் பாரம் காலாண்டு விடைத்தாள்களில் ஒன்பதைத் தின்றுவிட்டது. மதிப்பெண் இன்னும் பதிவாகவில்லை. அந்த ஒன்பது பையன்களுக்கும் அவர் பிறகு மனசாட்சியைக் கேட்டு மதிப்பெண் போட்டார். அதில் ஒருவன் தன் ஆயுளில் முதல் தடவையாகத் தமிழில் பாஸ் பண்ணினான்.

அன்றைக்கு மட்டும் விரதத்தை உடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கே போய் நின்று சத்தம் போட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். பவுனம்மாள் பயந்துபோய்விட்டாள். படிப்புக் காகிதத்தை ஆடு தின்றது அவளுக்குப் பெரிய பாவமாகப் பட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க வாத்தியாரே, புத்தியில்லாத சீவன்" என்றாள்.

சண்டை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் காதில் விழுந்தது 'மன்னிச்சுக்கங்க' இல்லை.

"வாத்தியார்னு கூப்பிடாதீங்க! அது சிதைஞ்சுபோன வடசொல். நான் ஆசிரியர்" என்றார்.

பவுனம்மாள் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினாள். "அப்ப வாத்தியாருன்னா அது உங்களைச் சொல்றது இல்லீங்களா?"

"இல்லை."

"நாளைக்கே ஒருத்தங்க வாத்தியாரேன்னு கூப்பிட்டா நீங்க திரும்பிப் பாக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

அவள் ஆட்டின் காதைப் பிடித்துத் திருப்பினாள். "கேட்டியாடா? பேரு சும்மா கெடக்குதாம். இனிமே நீதான் வாத்தியாரு."

நான் சிரித்தேன். வாய்விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். நான் மட்டும் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் அவள் அதை ஒரு பேச்சோடு விட்டிருப்பாள். நான் சிரித்ததால்தான் அந்தப் பெயர் ஆட்டோடு தங்கிவிட்டது என்பது என் எண்ணம். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் தினமும் கூத்துதான். "வாத்தியாரே, ஊரான் வீட்டுச் செடியில வாய வைக்காதீங்க." "வாத்தியாருக்கு இன்னைக்குக் கழிச்சல், யாரும் கிட்டப் போகாதீங்க." தனியாக இருந்தால் ஆட்டை 'வாடா' என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நடமாட்டம் தெரிந்தால் 'வாங்க' என்பாள். ஒரு மாணவனின் தகப்பனார் வாழைப்பழச் சீப்போடு வந்து, "இங்க வாத்தியார் வீடு எதுங்க?" என்று கேட்டார். "வாத்தியாருக்குத்தானே? குடுங்க, நானே குடுத்துடறேன்" என்று வாங்கி ஆட்டின் முன்னால் வைத்தாள். அருள்நாதன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து அது என்னுடையது என்று சொன்னால் அந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமே? வரவில்லை.

இத்தனைக்கும் அது வெறும் சண்டை இல்லை. ஐம்பத்தொன்பதில் அவர் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்துவிட்டார். கிணற்றுச் சுவர் மேல் தினமும் ஒரு கட்டு அரைக்கீரை இருக்கும். "வாத்தியாரே, இது காய்ச்சக்காரங்க திங்கறது, நீங்க வாய வச்சிராதீங்க" என்று ஆட்டிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். நான் எடுத்துக் கடைந்து கொடுப்பேன், அவர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாப்பிடுவார். அந்த ஐப்பசி மழையில் அவள் அடுப்படிக்குள் தண்ணீர் புகுந்தபோது இவர் தன் கொல்லைச் சுவரில் தானே கடப்பாரையால் ஓட்டை போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். "ஞமலி, உங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லைன்னு சொன்னீங்களே, அதான்" என்றார் நாயிடம். இரண்டு பேரும் தனிக்கட்டை. ஒரு நாளில் அவர்கள் அதிகமாகப் பேசியது ஒருவரோடு ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது தோன்றவில்லை. சிரிப்புதான் வந்தது.

அறுபத்தொன்றில் நல்லதம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பங்குனியில் ஊரில் சாமி கும்பிடு. எங்களுக்கு அது தவக்காலம்.

அந்தச் சனிக்கிழமை அருள்நாதன் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் காலையிலேயே என் அக்காளைப் பார்க்க உறையூர் போய்விட்டேன். நடந்ததை அவர் பிற்பாடு எனக்குச் சொன்னார். முழுசாக ஒரே நாளில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

காலை பத்து, பத்தரை இருக்கும். கிணற்றுப் பக்கமிருந்து குரல் வந்தது. "வாத்தியாரே." வழக்கமான குரல் இல்லை, தணிந்த குரல். ஆட்டைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்தார். மறுபடியும், "வாத்தியாரே, செத்த இங்க வாங்க." அவர் சிவப்பு மசியைத் தொட்டு அடுத்த தாளை எடுத்தார். நாய் எழுந்து கொல்லைக் கதவைப் பிறாண்டியது. "ஞமலி, பேசாம உட்காருங்க. அது நம்மைக் கூப்பிடலை" என்றார். அதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாராம், அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று. பிறகு மூன்று நாலு தடவை குரல் வந்தது. அப்புறம் வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத் திருத்தி முடித்தார்.

மூன்று மணிக்கு நான் வந்து துணி எடுக்கக் கொல்லைக்குப் போனேன். அவர் கொல்லைக்கு அப்பால், சுவருக்கு அந்தப் பக்கம், வாளிக் கயிறு அசையாமல் தொங்கியது, மழைத்தண்ணீருக்கு அவர் போட்ட ஓட்டை வழியாகக் கீழே ஒரு கை தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அவர் ஓடிவந்து சுவரைத் தாண்டிக் குதித்தார். பவுனம்மாள் கிணற்றடிக் கல்லில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். வாய் கோணியிருந்தது. வெயில் முழுக்க மேலே அடித்துக்கொண்டிருந்தது. அவர் குதிரை வண்டி பிடித்துவர ஓடினார். வேட்டி கிழிந்தது தெரியாமல் பாலக்கரை முனை வரைக்கும் ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இத்தனை நேரம் வெயிலில் கிடக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார். மருங்காபுரிக்குத் தந்தி அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அப்போதுதான், தான் குரல் கேட்டதை அருள்நாதன் எனக்குச் சொன்னார்.

"ஆட்டைக் கூப்பிட்டதா நெனச்சுட்டீங்களாங்கய்யா?" என்றேன்.

"ஆட்டைத்தான் கூப்பிட்டாங்க" என்றார்.

இருவரும் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தோம். கொட்டகையில் ஆடு இல்லை.

"அவிழ்த்துக்கிட்டு ஓடியிருக்கும். அதைத்தான் கூப்பிட்டிருக்காங்க. கூப்பிட்டுத் தேடறப்போ விழுந்திருக்காங்க" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் முகம் இருந்த இருப்பில் வேறு எதையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தானாக அவிழ்த்துக்கொண்டு ஓடியிருந்தால் கயிறு அங்கே கிடந்திருக்கும், ஆடு இருந்த இடத்தில் கயிறும் இல்லை என்பதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நல்லதம்பி திங்கட்கிழமை வந்தான். தாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஒரு வாரம் இருந்தான். வீட்டில் பச்சைப் பிள்ளைக்காரி, அங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்து அழைத்துப் போகிறேன் என்று எங்களிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். அந்த ஒரு வாரத்தில் ஆடு எங்கே என்று அருள்நாதன் அவனிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு வாய் வராத கேள்வி அது ஒன்றுதான். நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பவுனம்மாளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "வாத்தியாரே." சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றாலும் வாத்தியாரே, புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் வாத்தியாரே, கொசு கடித்தாலும் வாத்தியாரே. சந்தில் சில பேர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அருள்நாதன் ஒவ்வொரு தடவையும் போனார். சோற்றில் கை வைத்திருந்தால் அப்படியே எழுந்து, "இதோ வந்துட்டேங்க" என்று போவார். பூசைக்குக் கிளம்பினவர் பாதி வழியில் திரும்பி வருவார். பெண்பிள்ளை செய்ய வேண்டியதை நான் செய்தேன், மற்றதெல்லாம் அவர் செய்தார். சாயங்கால வாசிப்பு நின்றுவிட்டது. குரல் வந்தால் கேட்காமல் போய்விடுமாம். நாயிடம் பேசுவதும் நின்றுவிட்டது. அது அவர் காலடியில் படுத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பரீட்சைக்கு முன் சந்தேகம் கேட்க வந்த மாணவர்களுக்கு ஒருநாள் அவர் வேற்றுமைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் வேற்றுமை விளி வேற்றுமை, ஒருவரைக் கூப்பிடுவது, அதற்குத் தனியாக உருபு கிடையாது என்றார். "அப்ப அது யாரைக் கூப்பிடுதுன்னு எப்படிங்கய்யா கண்டுபிடிக்கறது?" என்று ஒருவன் கேட்டான். அவர் புத்தகத்தை மூடி அவர்களை அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் ஈஸ்டர் பூசையில் எல்லாரும் நன்மை வாங்க, சாமியார் கையால் அப்பம் வாங்க, எழுந்து போனோம். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஆட்டைத்தான் கூப்பிட்டாள் என்று முழு மனசாக நம்புகிற மனிதன் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒருமுறை அவளுக்கு ஆரஞ்சுச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தவர், நான் வாசலில் நிற்பது தெரியாமல் கேட்டார். "அக்கா, அன்னைக்கு நீங்க கூப்பிட்டது யாரைங்க?"

அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷத்தில் எந்த முறையும் வைத்து அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

பவுனம்மாள் அவரையே பார்த்தாள். இடது கையால் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே" என்றாள். சாறு இன்னும் வேண்டும் என்றும் அது இருக்கலாம்.

ஜூன் முதல் வாரம் நல்லதம்பி வந்தான். மார்க்கெட்டில் சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லாரியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தான். தாயைத் தூக்கிப் படுக்க வைத்தோம். அருள்நாதன் தன் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்லதம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான்.

"ஐயா, நீங்க இல்லாட்டி எங்க ஆத்தா இல்ல. கெடாவ ஓட்டிட்டுப் போக வந்தன்னைக்கே ஆத்தாவையும் கூப்பிட்டேனுங்க. ஏவாரத்த விட்டுட்டு வரமாட்டேன்னுருச்சு. இப்புடி ஒண்டியாக் கெடக்குறியே, ஏதாச்சும்னா யாரக் கூப்புடுவன்னு கேட்டேன். 'பக்கத்துல வாத்தியாரு இருக்காரு. மூஞ்சி குடுத்துப் பேசாட்டியும், ஒரு கொரலு குடுத்தா ஓடியாந்துருவாரு, நீ போ'ன்னுச்சு. அந்த தைரியத்துலதான் விட்டுட்டுப் போனேன்."

அருள்நாதன் லாரிக்குள் கையை நீட்டிப் பவுனம்மாளின் தலையணையைச் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு, "ஆட்டை எந்தக் கிழமை கொண்டு போனீங்க தம்பி?" என்று கேட்டார். இரண்டரை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலங்க. நீங்கள்லாம் கோயிலுக்குப் போயிருந்தீங்க."

ஆமாம். தவக்கால வெள்ளி. நானும் அவரும் சிலுவைப்பாதை செய்துகொண்டிருந்தோம்.

அவர் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சனிக்கிழமை காலையில ஆத்தா கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"தெரியுங்கய்யா. அது கேட்டு நீங்க ஓடியாந்ததுனாலதானே உசுராச்சும் மிஞ்சுச்சு" என்று சொல்லிக்கொண்டே நல்லதம்பி நடுத்தெருவில் அவர் காலில் விழுந்தான்.

அருள்நாதனின் வாய் திறந்தது. இல்லை என்ற சொல் அவர் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூடச் சுழித்துத் திருத்துகிற மனிதர். குனிந்து அவன் தோளைத் தொட்டாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். லாரி போய்விட்டது. நானாவது சொல்லியிருக்கலாம், நானும் சொல்லவில்லை.

ஆடி மாதம் கார்டு வந்தது. பவுனம்மாள் போய்விட்டாள், இன்ன தேதியில் கருமாதி என்று எழுதியிருந்தது. அருள்நாதன் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். "போய் அந்தப் பையன்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டு வந்துடறேன், டோரதி. என்ன வேணும்னாலும் திட்டட்டும், அடிச்சாலும் சரி" என்றார். நாயை என்னிடம் விட்டுவிட்டு மருங்காபுரி பஸ் ஏறினார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். கதவைத் திறக்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "சொல்லிட்டீங்களாங்கய்யா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்னு சொல்லி, பந்தியில முதல் இலை எனக்குப் போட்டாங்க" என்றார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.